பட்டையைக் கூட்டினால் லாரி பலமாகிவிடுமா? கனரக வண்டி சஸ்பென்ஷன், ஓர் எளிய விளக்கம்

லாரி வைத்திருப்பவர், ஓட்டுபவர், டீக்கடையில் நின்று இவர்கள் பேசுவதைக் கேட்பவர் என்று எல்லோருக்கும் சஸ்பென்ஷனைப் பற்றி, அதாவது சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே உள்ள ஸ்பிரிங் அமைப்பைப் பற்றி, ஒரு கருத்து இருக்கும். அவற்றில் இரண்டு அடிக்கடி காதில் விழுகின்றன. "பின்னாடி ரெண்டு பட்டை கூட்டிட்டா இன்னும் அஞ்சு டன் தாராளமா ஏத்தலாம்" என்பது ஒன்று. பட்டை என்பது லாரியின் அடியில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் எஃகுத் தகடு. "ஏர் சஸ்பென்ஷன் எல்லாம் ஆம்னி பஸ்ஸுக்குத்தான், சிமென்ட் மூட்டை என்ன தூங்கிட்டா வரப்போகுது?" என்பது மற்றொன்று.

இரண்டுமே ஒரு குழப்பத்திலிருந்து பிறந்தவை. விறைப்பையும் வலிமையையும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறோம். எடை ஏறும்போது ஒரு பொருள் வளையாமல் எதிர்த்து நிற்பது விறைப்பு. உடையாமல் எவ்வளவு எடை தாங்கும் என்பது வலிமை. ஒன்றைக் கூட்டினால் மற்றதும் அதே அளவு கூடும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. சில சமயம் விறைப்பைக் கூட்டுவதாலேயே வேறோர் இடத்தில் வண்டி சீக்கிரம் உடையும்.

## சஸ்பென்ஷனின் உண்மையான வேலை

எடையைத் தாங்குவதுதான் அதன் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். எடையை அதுவும் தாங்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் தாங்குவது மட்டுமே வேலையென்றால் ஸ்பிரிங் எதற்கு? சக்கரங்களைத் தாங்கும் அச்சான ஆக்சிலை நேராக வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் வெல்ட் வைத்துவிடலாமே, அதைவிட உறுதி உண்டா?

ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளைத் தோளில் சுமந்து வரும் ஸ்ரீபாதம் தாங்கிகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். தண்டுக்கு அடியில் பல தோள்கள். தெரு எங்கேயும் ஒரே மட்டமாக இருக்காது. ஒருவர் முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு பள்ளத்தில் காலை வைத்தால் அவர் தோள் தண்டைவிட்டு இறங்கிவிடும். அவர் தாங்கிய பங்கு அந்த நொடியில் பக்கத்தில் இருப்பவர்கள் மேல் விழும். மேட்டில் கால் வைத்தால் நேர் எதிர்: மற்றவர்கள் பங்கும் அவர் ஒருவர் தோளில். முழங்கால் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் தோள் தண்டோடு ஒட்டியே இருக்கும், அவரவர் பங்கும் மாறாது. அங்கே முழங்காலின் அருமை, கரடுமுரடான தரையிலும் சுமையின் பங்கீட்டைக் காப்பாற்றுவதில்தான் இருக்கிறது.

லாரியில் தோளுக்குப் பதில் சக்கரங்கள். சாலை எப்படி இருந்தாலும் ஒவ்வொரு டயரும் தரையை ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும். அழுத்தம் குறைந்த டயருக்குப் பிடிமானம் இல்லை, பிரேக் போட்டால் வழுக்கும். அழுத்தம் கூடிய டயர் தானும் தேயும், பேரிங்கையும் தேய்க்கும், சாலையையும் உடைக்கும். பயணிக்குக் கிடைக்கும் சொகுசு இந்த வேலையின் துணை விளைவு, அவ்வளவுதான்.

## லாரிக்கு மட்டும் ஏன் இத்தனை சிக்கல்?

காரில் இது பெரிய பிரச்சினை இல்லை. 1,000 கிலோ காரில் ஐந்து பேர் ஏறினால் 1,350 கிலோ ஆகும். ஸ்பிரிங் இந்தச் சின்ன இடைவெளிக்குள் வேலை செய்தால் போதும். டிரெய்லரின் கதையே வேறு. ஓர் ஆக்சில் மேல் காலியாக இருக்கும்போது 2 டன், சுமையோடு 9 டன் என்று வைத்துக்கொள்வோம். நாலரை மடங்கு வித்தியாசம். அதே ஸ்பிரிங் இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

இங்கே ஒரே ஒரு கணக்கு மட்டும் பார்ப்போம். ஸ்பிரிங் மேல் நிற்கும் எடையை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டால் அது நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் போகும் என்பதற்கு இயல்பு அதிர்வெண் என்று பெயர். இதைக் கண்டுபிடிக்க எடையும் வேண்டாம், ஸ்பிரிங்கின் நீள அகலமும் வேண்டாம். சுமை ஏறியதும் ஸ்பிரிங் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது என்று தெரிந்தால் போதும். 25 செ.மீ. இறங்கினால் நொடிக்கு ஏறத்தாழ 1 முறை ஆடும். 4 செ.மீ. இறங்கினால் 2.5 முறை. 1 செ.மீ. மட்டும் இறங்கினால் 5 முறை.

அந்த 9 டன்னுக்கு 4 செ.மீ. இறங்கும் பட்டையைப் போட்டிருக்கிறோம் என்று வையுங்கள். சுமையோடு நொடிக்கு 2.5 ஆட்டம், சுமாரான வண்டி. சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது 2 டன்தான் இருக்கிறது, பட்டை ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கியிருக்காது. இப்போது நொடிக்கு ஐந்து முறைக்கு மேல் துள்ளும். எம்ப்டி வண்டி குதித்துக் குதித்துப் போவதற்கும், மழையில் காலி டிரெய்லரின் பின்பக்கம் பிரேக்கில் விலகுவதற்கும் இது பெரிய காரணம்.

அப்படியானால் மிருதுவான பட்டை போட வேண்டியதுதானே? போடலாம். ஆனால் சுமைக்கும் காலிக்கும் இடையே வண்டியின் உயரம் அரை அடிக்கு மேல் ஏறி இறங்கும். சரக்கு ஏற்றும் மேடை உயரம் பொருந்தாது, வளைவில் வண்டி அதிகம் சாயும். மிருதுவாகவும் வேண்டும், உயரமும் மாறக்கூடாது. இந்த இழுபறிதான் கனரக சஸ்பென்ஷனின் மையப் பிரச்சினை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சஸ்பென்ஷன் டயரின் அழுத்தத்தைச் சீராக வைக்க வேண்டும். லாரியில் சுமை நாலைந்து மடங்கு மாறுவதால் ஒரே விறைப்புள்ள ஸ்பிரிங்கால் இரண்டு நிலைக்கும் பொருந்த முடியாது.

## பட்டைக் கட்டு: ஒரே சாமான், மூன்று வேலை

நீளமான எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் சென்டர் போல்ட்டால் கோத்து, யு போல்ட்டால் ஆக்சிலோடு இறுக்கியிருப்பார்கள். லாரியின் அடியில் குனிந்தால் முதலில் கண்ணில் படுவது இந்தக் கட்டுதான். பழைய தொழில்நுட்பம் என்று இதை ஏளனமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இவ்வளவு குறைந்த செலவில் மூன்று வேலையைச் சேர்த்துச் செய்யும் வேறு சாமான் வண்டியில் கிடையாது.

முதல் வேலை வளைந்து கொடுப்பது. இரண்டாவது, ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்து வைப்பது: பிரேக் போடும்போது ஆக்சில் பின்னால் போகாமல், வளைவில் பக்கவாட்டில் நகராமல் பட்டையே பிடித்துக்கொள்கிறது. மூன்றாவது, ஆட்டத்தை அடக்குவது. பட்டைகள் வளையும்போது ஒன்றோடொன்று உரசும், அந்த உராய்வில் ஆட்டம் தேய்ந்து அடங்கும்.

இந்த மூன்றாவது வேலையில்தான் பட்டையின் பலவீனமும் ஒளிந்திருக்கிறது. உராய்வு என்பது ஒரு பூட்டு மாதிரி வேலை செய்யும். பெரிய பள்ளத்தில் விழுந்தால் பட்டைகள் நழுவி வளையும். சாலையின் சின்னச் சின்ன மேடுபள்ளங்களுக்கு அந்தப் பூட்டைத் திறக்கும் அளவு விசை இருக்காது, பட்டைகள் ஒட்டிக்கொண்டு வளையாமலே நிற்கும். அந்த நேரத்தில் வண்டிக்கு ஸ்பிரிங் என்று இருப்பது டயர் மட்டும்தான். துருப்பிடித்த கட்டில் இது இன்னும் மோசம்.

இதற்கு ஒரு மாற்றாக வந்ததுதான் பாராபாலிக் பட்டை. பத்துப் பட்டைக்குப் பதில் இரண்டு, மூன்று பட்டைகள். நடுவில் தடிமனாகவும் நுனிக்குப் போகப் போக மெலிந்தும் இருக்கும். பட்டைகளுக்கு இடையே இடைவெளி இருப்பதால் உராய்வு குறைவு, எடையும் குறைவு. ஆனால் ஆட்டத்தை அடக்க உராய்வு இல்லாததால் நல்ல ஷாக் அப்சார்பர் கட்டாயம் வேண்டும். சிலர் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாராபாலிக் பட்டையைக் குறை சொல்வார்கள்.

காலிக்கும் சுமைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சமாளிக்க இன்னொரு உத்தி ஹெல்பர் பட்டை. முக்கியக் கட்டுக்கு மேலே ஒரு சின்னக் கட்டு இடைவெளி விட்டு நிற்கும். சுமை ஏறி வண்டி இறங்கிய பிறகுதான் அது தொட்டு வேலையைத் தொடங்கும். எளிமையான யோசனை, பெருமளவு பலனும் தருகிறது.

## சரி, பட்டை கூட்டினால் என்ன ஆகும்?

ஒன்பது பட்டை உள்ள கட்டில் அதே மாதிரி இன்னொன்றைச் சேர்த்தால் விறைப்பு தோராயமாக 11 சதவீதம் கூடும். பட்டைக் கட்டு மட்டும் பார்த்தால் அதுவும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். உண்மையின் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டுதான் "அஞ்சு டன்" கதை ஓடுகிறது. ஆனால் ஆக்சில் ஹவுசிங், வீல் பேரிங், பிரேக், டயர், சேசிஸ் இவற்றில் எதுவும் ஒரு கிலோகூட வலிமை பெறவில்லை. முன்பைவிட விறைப்பான ஸ்பிரிங் ஒவ்வொரு பள்ளத்தின் அடியையும் இவற்றுக்குக் கூடுதலாகக் கடத்துகிறது. பட்டை உடையாத வண்டியில் சேசிஸ் விரிசல் விடும். சேதம் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது.

தடிமன் கணக்கு இன்னும் சுவாரசியமானது. ஒரு பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும், வலிமை இருமடிக்கு ஏற்பத்தான் கூடும். 12 மி.மீ. பட்டைக்குப் பதில் 13 மி.மீ. போட்டால் வலிமை 17 சதவீதம் உயரும்போது விறைப்பு 27 சதவீதம் உயர்ந்துவிடும். அதோடு, கட்டில் எல்லாப் பட்டைகளும் சேர்ந்தே வளைய வேண்டும். ஒரே அளவு வளையும்போது தடித்த பட்டைக்குள் இழுவிசை அதிகம். அதனால்தான் "புதுசா, கெட்டியாப் போட்ட பட்டையே முதல்ல ஒடிஞ்சுது" என்ற புலம்பலைப் பட்டறைகளில் கேட்கிறோம். இரும்பு மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் இந்தக் கணக்கையும் பார்க்கலாம்.

டிப்பர் ஓட்டுபவர்கள் இங்கே சண்டைக்கு வரலாம். அவர்கள் தரப்பில் நியாயம் இருக்கிறது. கல்குவாரியில் சமமில்லாத தரையில் நின்று தொட்டியைத் தூக்கும்போது சஸ்பென்ஷன் மிருதுவாக இருந்தால் வண்டி பக்கவாட்டில் கவிழும். டிப்பருக்கு விறைப்பு தேவை. ஆனால் அதைத் தொழிற்சாலை ஆக்சில், சேசிஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறது. பட்டறையில் ஒரு பட்டையைச் சொருகுவது அதற்குச் சமமாகாது.

சென்டர் போல்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. யு போல்ட் தளர்ந்தால் ஆக்சிலைப் பிடிக்கும் விசை முழுக்க அந்தச் சின்னப் போல்ட்டில் விழுந்து அது வெட்டுப்படும். பிறகு ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்து, வண்டி சாலையில் குறுக்கலாக இழுத்துக்கொண்டு போகும். டயர் ஒரு பக்கமாகத் தேய்வதற்கு அலைன்மென்ட் பார்த்துச் செலவழித்தவர்களில் பலருக்கு யு போல்ட்டை இறுக்கினாலே பாதிச் செலவு மிஞ்சியிருக்கும்.

## ஆக்சில்களுக்குள் பங்கு பிரிப்பது

டாரஸ் மாதிரியான பல ஆக்சில் வண்டிகளில் இன்னொரு கேள்வி எழுகிறது. பின்னால் இரண்டு ஆக்சில் இருக்கின்றன, இரண்டுக்கும் தனித்தனிப் பட்டை. அந்த இரண்டில் முன்னது வேகத்தடையில் ஏறும்போது பின்னதன் சுமையும் சேர்ந்து அதன் மேல் விழும். மேட்டில் கால் வைத்த ஸ்ரீபாதம் தாங்கியின் நிலைதான்.

இதற்கான தீர்வு, இரண்டு ஆக்சில்களையும் ஒரு தராசுக் கோல்போல இணைத்துவிடுவது. சிகாகோவில் தொடங்கிய ஹென்ட்ரிக்சன் நிறுவனம் 1926இல் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தது. ஒரு கனத்த உத்தரத்தின் இரு நுனிகளிலும் ஒவ்வொரு ஆக்சில், நடுவில் சேசிஸோடு இணைப்பு. ஓர் ஆக்சில் 10 செ.மீ. ஏறினால் நடுப்பகுதி 5 செ.மீ. மட்டுமே ஏறும், சுமை இரண்டுக்கும் சமமாகவே இருக்கும். நம்மூர் டிப்பர்களில் பார்க்கும் போகி சஸ்பென்ஷனும் இதே தத்துவம்தான். அங்கே உத்தரத்துக்குப் பதில் தலைகீழாகக் கவிழ்த்த பட்டைக் கட்டு, நடுவில் சுழலும்படி மாட்டியிருக்கும். டிரெய்லர்களில் அடுத்தடுத்த பட்டைகளின் நுனிகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊஞ்சல் துண்டு இருக்கும், அதற்கு ஈக்வலைசர் என்று பெயர். அதன் புஷ் தேய்ந்து இறுகிவிட்டால் பங்கு பிரிப்பது நின்றுபோகும். மூன்று ஆக்சில் டிரெய்லரில் நடு ஆக்சில் டயர் மட்டும் சீக்கிரம் போகிறதென்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

திருச்சி பெல் ஆலையிலிருந்து பாய்லர் பாகங்களை ஏற்றிக்கொண்டு மெதுவாக ஊர்ந்துபோகும் நூற்றுக்கால் டிரெய்லர்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பட்டையே கிடையாது. ஒவ்வொரு ஆக்சில் வரிசையிலும் ஹைட்ராலிக் சிலிண்டர்கள் சுமையைத் தாங்குகின்றன, அவை எண்ணெய்க் குழாயால் தொகுதி தொகுதியாக இணைந்திருக்கும். ஒரு தொகுதிக்குள் எண்ணெய் அழுத்தம் எங்கும் ஒன்றே என்பதால் சுமை தானாகச் சமமாகிவிடும்.

## காற்று செய்யும் வேலை

ஏர் சஸ்பென்ஷனில் பட்டைக்குப் பதில் ரப்பர் பெல்லோ, அதாவது அழுத்தக் காற்று அடைத்த தடித்த ரப்பர் உறை. பஸ்களில் இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது: அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1953இலேயே பஸ்ஸில் போட்டுவிட்டது. நாமும் இதைப் பஸ்ஸில்தான் முதலில் அறிந்தோம், அதனால் இது சொகுசுச் சாமான் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இதன் சூட்சுமம் லெவலிங் வால்வு என்ற சின்னக் கருவியில் இருக்கிறது. அது சேசிஸில் மாட்டியிருக்கும், அதிலிருந்து ஒரு கம்பி ஆக்சிலுக்குப் போகும். சுமை ஏறி வண்டி இறங்கினால் கம்பி வால்வைத் திறந்து பெல்லோவுக்குள் காற்றை விடும். வண்டி பழைய உயரத்துக்கு வந்ததும் மூடிக்கொள்ளும். சரக்கு இறங்கினால் அதேபோல் காற்றை வெளியே விடும்.

இதனால் உயரம் மாறாமல் இருப்பது பாதிப் பலன்தான். காற்றழுத்தம் கூடும்போது பெல்லோவின் விறைப்பும் கூடுகிறது. 2 டன்னுக்கு மிருதுவாகவும் 9 டன்னுக்கு விறைப்பாகவும் அதுவே மாறிக்கொள்கிறது. காலியாக இருந்தாலும் சுமையோடு இருந்தாலும் ஆட்டம் நொடிக்கு ஏறத்தாழ 1.5 முறைதான். மேலே சொன்ன இழுபறி இங்கே தீர்ந்துவிடுகிறது. ஒரு பக்கத்துப் பெல்லோக்களைக் குழாயால் இணைத்துவிட்டால் ஆக்சில்களுக்கிடையே சுமையும் சமமாகும். ஒரு சின்ன எச்சரிக்கை: குழாய் மெல்லியது என்பதால் நொடிப்பொழுதில் வந்துபோகும் பள்ளத்துக்கு இந்தச் சமன் உதவாது, மெதுவான மாற்றங்களுக்கு மட்டும்தான்.

காற்று ஆக்சிலைப் பிடித்து வைக்காது, ஆட்டத்தையும் அடக்காது. பட்டை தனியாகச் செய்த மூன்று வேலையில் ஒன்றைத்தான் பெல்லோ செய்கிறது. மற்ற இரண்டுக்குக் கனத்த இணைப்புக் கைகளும் ஷாக் அப்சார்பர்களும் வேண்டும். விலை கூடுவதற்குக் காரணம் அதுதான். இதற்கும் பிரேக்குக்கும் காற்று ஒரே கம்ப்ரஸரிலிருந்து வருவதால், கசிவு ஏற்பட்டாலும் பிரேக்குக்குரிய காற்று குறையாமல் தடுக்கத் தனியாக ஒரு பாதுகாப்பு வால்வும் உண்டு.

சாய்வு பற்றியும் கேட்பார்கள். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் மிருதுவான சஸ்பென்ஷன் ஆபத்தில்லையா? நல்ல டிரெய்லர்களில் ஆக்சில் குழாயும் இரு பக்கத்து இணைப்புக் கைகளும் இறுக்கமாகப் பிணைந்திருக்கும். வண்டி ஒரு பக்கம் சாய முயன்றால் அந்தக் குழாய் முறுக்கப்பட வேண்டும். முறுக்குக்கு அது கொடுக்கும் எதிர்ப்பே சாய்வைத் தடுக்கிறது. மேலும் கீழும் மிருது, பக்கவாட்டில் விறைப்பு.

## சாலை கொடுக்கும் விலை

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே தனிச் சாலைகள் போட்டு, அவற்றில் லாரிகளை ஓட்டிக்கொண்டே இருந்து ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். அதிலிருந்து கிடைத்த தோராயமான விதி: சாலைச் சேதம் ஆக்சில் சுமையின் நான்காம் மடிக்கு ஏற்பக் கூடும். சுமை 20 சதவீதம் கூடினால் சேதம் இரண்டு மடங்கு.

எடைமேடையில் வண்டி நிற்கும்போது பார்க்கும் சுமை வேறு, ஓடும்போது சாலை உணரும் சுமை வேறு. நொடிக்கு 2.5 முறை ஆடும் லாரி 60 கி.மீ. வேகத்தில் போகும்போது ஏறத்தாழ 6.7 மீட்டருக்கு ஒரு முறை கனமாக அமுக்கும். பாலத்தின் இணைப்பில் தடுக்கிய லாரிகள் எல்லாம் அதே வேகத்தில், அதே மாதிரிச் சஸ்பென்ஷனோடு வந்தால், அடியும் ஏறக்குறைய அதே இடத்தில் விழும். பாலம் தாண்டியதும் சாலையில் பள்ளங்கள் ஓர் இடைவெளி விட்டு வரிசையாக வருவதன் பின்னால் இதுவும் ஒரு காரணம்.

இதனால்தான் ஐரோப்பாவில் சஸ்பென்ஷனைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். 1996ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதிப்படி லாரியின் இரட்டை ஆக்சிலுக்குப் பொதுவாக 18 டன்தான் வரம்பு. எஞ்சின் சுழற்றும் ஆக்சிலில் இரட்டை டயரும் ஏர் சஸ்பென்ஷனோ அதற்கு இணையானதோ இருந்தால் 19 டன். இணையானதென்று நிரூபிக்க ஒரு வழி, வண்டியை மெதுவாக ஓட்டி 80 மி.மீ. உயரப் படியிலிருந்து இறக்கிப் பார்ப்பது. ஆட்டம் நொடிக்கு 2 முறையைத் தாண்டக்கூடாது, சீக்கிரம் அடங்கவும் வேண்டும்.

இந்தியாவில் 2018 ஜூலையில் ஆக்சில் சுமை வரம்பைக் கூட்டினார்கள். நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன் என்பது 11.5 ஆனது, இரட்டை ஆக்சிலுக்கு 19 என்பது 21 ஆனது. நான்காம் மடி விதியில் போட்டுப் பார்த்தால் ஒற்றை ஆக்சிலின் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சாலைச் சேதம் சுமார் 60 சதவீதம் கூடுகிறது. அதே சரக்குக்கு ஓட்டங்கள் குறையும் என்பதையும் கழித்துப் பார்க்க வேண்டும், ஆனாலும் கணக்கு சாலைக்குச் சாதகமாக வராது.

## கடைசியாக ஷாக் அப்சார்பர்

எண்ணெய் நிரப்பிய சிலிண்டருக்குள் சின்னத் துளைகள் உள்ள பிஸ்டன் ஒன்று மேலும் கீழும் போகும். எண்ணெய் துளை வழியே சிரமப்பட்டுப் புகும்போது ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறிவிடும். பட்டையில் உராய்வு இருப்பதால் இது கெட்டாலும் ஏதோ ஓட்டிவிடலாம். காற்றுக்கு அந்த உராய்வு இல்லை. 1990களில் பல நாடுகள் சேர்ந்து நடத்திய டிவைன் ஆய்வுத் திட்டமும் இதை அழுத்திச் சொன்னது: ஷாக் அப்சார்பர் நல்ல நிலையில் இல்லாவிட்டால் ஏர் சஸ்பென்ஷன் சாலைக்குச் செய்யும் நன்மை போய்விடும்.

சோதித்துப் பார்க்கக் கருவி ஒன்றும் வேண்டாம். கொஞ்ச தூரம் ஓடி வந்து நின்ற வண்டியில், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, ஒவ்வொரு ஷாக் அப்சார்பரின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். சுட்டுவிடும் அளவு சூடாக இருக்கலாம், சட்டென்று பிடித்துவிடாதீர்கள். வெதுவெதுப்பாக இருப்பவை வேலை செய்கின்றன. மற்றவை சூடாக இருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அதை மாற்றிவிடுங்கள். எல்லாமே குளிர்ந்திருந்தால், வண்டி வந்த சாலை அவ்வளவு நல்ல சாலையா என்று டிரைவரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.